ஆமைக்கு அமைத்த வீடு

திருத்தணி மலையடிவாரப் புதர்க்காட்டில் சிறுவன் ஒருவன் நட்சத்திர ஆமை ஒன்றைக் கண்டெடுத்தான். இல்லத்துக் கூடத்தில் பலகைகளால் அகன்ற பட்டி அமைத்து, மணல் பரப்பி, கீரையும் நீரும் வைத்தான். ஆமையோ உணவை நாடாது பலகையோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது.

"பட்டி பெரிதாயிருந்தும் ஏன் தாத்தா உண்ணவில்லை?" என வினவினான்.

"தம்பி, ஆமை வெயிலில் காய்ந்தே உடல்வெம்மை பெறும், கதிரொளி இன்றேல் அதன் ஓடும் வலுவிழக்கும். கூடத்தில் கதிரவனுக்கு எங்கே போவாய்? கடத்தலால் இவ்வினம் அருகி வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனை வீட்டில் வளர்த்தல் குற்றம், 2019இல் உலக நாடுகளும் கூடி இதன் வாணிகத்தைத் தடுத்தன" என்றார் பாட்டனார்.

அன்றே ஆமை வனத்துறையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பலகைகளைப் பிரித்தபோது, மணலின் ஓரமெங்கும் அது வழி தேடி அலைந்த தடம் தெரிந்தது. சிறுவன் அதனைத் தன் கையாலேயே கலைத்தான்.