பேச்சு எங்கே முடிகிறது?

ஓசூரில் சிறு தொழிற்கூடம் நடத்துகிறவர்களுக்கு முதன்முதலாக வெளிநாட்டு வாடிக்கையாளர் வரப்போகிறார் என்றால், என்னைக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ஜப்பான்காரருக்கு விசிட்டிங் கார்டை இரண்டு கையால் கொடுக்கணுமா? ஜெர்மன்காரருக்குச் சாப்பாட்டில் காரம் எவ்வளவு குறைக்கணும்? மாலை போடலாமா, சால்வை போதுமா? தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன். ஆனால் மாலை, சால்வை விஷயத்தில் பிசகி ஆர்டரை இழந்த கம்பெனி எதையும் இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. ஆர்டர் நழுவுவது வேறு இடத்தில். எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று ஒரு தரப்பு எழுந்து போயிருக்கும். இன்னொரு தரப்பு, உண்மையான பேச்சு இனிமேல்தான் என்று காத்திருக்கும். பேரம் முடிகிற இடம் ஊருக்கு ஊர் மாறுகிறது. அது எங்கே என்று கண்டு சொல்வதுதான் என் தொழிலில் பெரும்பகுதி.

ஏற்றுமதிப் பேச்சுகளில் கம்பெனி முதலாளிக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆள் நான். கொட்டேஷன் போடுவது, மெயில் எழுதுவது, வருகிறவரை ஷாப் ஃப்ளோர் சுற்றிக் காட்டுவது, அவர் போன பிறகு என்ன ஒப்புக்கொண்டோம் என்று முதலாளிக்கு விளக்குவது எல்லாம் இதில் அடக்கம்.

இந்த வேலைக்கு இங்கே தேவை வந்ததற்குக் காரணம் உண்டு. 1970களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை. அதே காலத்தில் டிவிஎஸ் மொபெட். 80களிலேயே டிவிஎஸ்ஸோடு கைகோத்து ஜப்பானின் சுசுகி வந்துவிட்டது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், கடிகாரத்தின் உள்ளியக்கத்துக்கான தொழில்நுட்பத்தைப் பிரான்சிலிருந்து வாங்கியது. 2013 ஏப்ரலில் டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் ஒப்பந்தம் போட்டன. அதிலிருந்து பிறந்த ஜி 310 ஆர் பைக் ஓசூரில் தயாராகி உலகச் சந்தைக்குப் போனது. கிருஷ்ணகிரிப் பக்கம் தைவானின் டெல்டா, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ். பெரிய ஆலை ஒன்று வந்தால் அதைச் சுற்றி டர்னிங், கிரைண்டிங், பிளேட்டிங் என்று சின்னக் கூடங்கள் முளைக்கும். அவை வளர்ந்து நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கும்போது, அதுவரை உள்ளூர் பர்ச்சேஸ் மேனேஜரிடம் மட்டும் பேசிப் பழகிய முதலாளி, திடீரென்று வேறு வகை மனிதருக்கு எதிரே உட்கார வேண்டியதாகிறது.

நம் பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குந்தாரப்பள்ளி, போச்சம்பள்ளிச் சந்தைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே அதிகம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்; இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரிந்த விலை அது. நம் கொட்டேஷனும் அந்தத் துண்டுதான். உள்ளே மெட்டீரியல் எவ்வளவு, கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று காட்டமாட்டோம். குறைக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தே கொஞ்சம் ஏற்றிப் போடுவோம். குறைத்த பிறகும் பேச்சை முழுசாக மூடமாட்டோம். ஸ்டீல் விலை ஏறினால் ஒரு போன், கரண்ட் கட்டணம் ஏறினால் ஒரு நேர்ச் சந்திப்பு. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. உறவு தொடர்கிற வரை விலையும் பேசக்கூடியதே என்பது நம் கணக்கு.

ஜெர்மன்காரருக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. அவருக்குப் பேரம் காகிதத்தில் முடிகிறது. டிராயிங், கொட்டேஷன், தேதி ஆகிய மூன்றிலும் எழுதியது எழுதியதுதான்.

ஒரு பம்ப் ஷாஃப்ட்டுக்கான பேச்சு. சாம்பிள் எப்போது கிடைக்கும் என்று கேட்டார் வந்தவர். “நாலு வாரம்” என்றார் எங்கள் முதலாளி, ஒரு விநாடிகூட யோசிக்காமல். மெட்டீரியல் பெங்களூரிலிருந்து வரவேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் வெளியே கொடுக்க வேண்டும், அங்கே எப்போதும் வரிசை. கிரைண்டிங் முடித்துப் பிளேட்டிங் போய் வர இன்னும் சில நாள். எந்தக் கணக்கிலும் ஆறேழு வாரத்துக்குக் குறையாது. டீ இடைவேளையில் முதலாளியை வெளியே அழைத்துப் போய்க் கேட்டேன். “வந்த மனுஷன் முகத்துக்கு நேரா முடியாதுன்னு எப்படி சார் சொல்றது? மொதல்ல ஆர்டர் வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

அவர் சொன்னது நம் ஊர் மரியாதை. எதிரில் இருந்தவரோ அதற்குள் லேப்டாப்பில் தேதியைப் போட்டுவிட்டார். அந்தத் தேதியை நம்பி அங்கே டெஸ்ட் பெஞ்ச் ஒதுக்கப்படும், அவருடைய வாடிக்கையாளருக்கும் தகவல் போகும். ஏழு வாரம் என்று சொல்லி ஏழாவது வாரம் கொடுப்பவர் அவருக்கு நல்ல சப்ளையர். நாலு என்று சொல்லி ஐந்தில் கொடுப்பவர் அதைவிடச் சீக்கிரம் கொடுத்தும் நம்பமுடியாதவர் ஆகிவிடுவார். உள்ளே போனதும், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக்காட்டித் தேதியை ஏழு வாரத்துக்கு மாற்றினோம். அவர் முகம் சுளிக்கவில்லை. பிளேட்டிங்குக்கு ஏன் இத்தனை நாள் என்று மட்டும் கேட்டார்.

அதனால் ஜெர்மன் டிராயிங் வந்தால் நான் முதலாளியோடும் குவாலிட்டி ஆளோடும் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பேன். எந்த அளவு நம் மெஷினில் நிற்காது, எந்தப் பரப்புக்கு ஆர்.ஏ. 0.4 அளவு வழவழப்பு வேண்டியதில்லை, விளிம்பில் பிசிறு எவ்வளவு அனுமதி என்பதை எல்லாம் பேச்சுக்கு முன்பே எழுதி அனுப்புவோம். “இது முடியாது, இப்படி மாற்றினால் முடியும்” என்று சொல்கிற சப்ளையரை அவர்கள் மதிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் டிராயிங்கையே படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வி.டி.ஏ. 6.3 என்ற அவர்களுடைய ஆய்வில் 90 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ‘ஏ’, 80க்குக் கீழே போனால் ‘சி’. அந்த மதிப்பெண்ணும் காகிதத்தில் சொன்னதும் தரையில் நடப்பதும் ஒன்றா என்பதைப் பார்த்தே போடப்படுகிறது.

ஜப்பான்காரருக்குப் பேரம் கூட்ட அறைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். அறையில் நடப்பது பதிவு மட்டும். இது தெரியாமல், பெரிய அதிகாரி வரும் நாளில் விலையைப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்கள் இங்கே பலர். அந்த நாளில் பெரியவர் வருவார், கேன்டீனைப் பார்ப்பார், கழிவறையைப் பார்ப்பார், நன்றி சொல்லிப் புறப்படுவார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்கான முடிவு, முன்பே மூன்று நான்கு தடவை வந்து போன இளம் இன்ஜினியரின் அறிக்கையிலிருந்து எப்போதோ உருவாகியிருக்கும்.

அந்த இளைஞர்தான் கவனிக்க வேண்டிய ஆள். ஸ்டாப்வாட்சோடு சி.என்.சி. மெஷின் பக்கத்தில் நிற்பார். கதவு மூடுவதிலிருந்து, ஆபரேட்டர் பாகத்தை எடுத்து, ஏர் கன்னால் ஊதி, கேஜில் வைத்துப் பார்த்து, அடுத்ததை மாட்டுகிற வரை ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வார். கொட்டேஷனில் 52 விநாடி என்று எழுதியிருந்து, அவர் கடிகாரத்தில் 44 வந்தால், மிச்சம் எட்டு விநாடிக்கான காசு எங்கே போகிறது என்று கேட்பார். துண்டை விலக்கிக் காட்டச் சொல்வதுதான் இது. மெட்டீரியல், சுழற்சி நேரம், ரிஜெக்‌ஷன், லாபம் எல்லாவற்றையும் தனித்தனியாகத் திறந்துவைத்த காஸ்ட்டிங் ஷீட்டை எதிர்பார்க்கிறார்கள். நம் முதலாளிகளுக்கு இதில் உடம்பு கூசும். ஆனால் திறந்து காட்டியவருக்கு ஒரு லாபம் உண்டு. லாபத்தைப் பிடுங்குவதைவிட விநாடியைக் குறைப்பதில்தான் அவர்கள் ஆர்வம் காட்டுவார்கள். வழியும் சொல்லித் தருவார்கள். ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்வார்கள் என்பதையும் அப்போதே கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

ஓசூருக்கு இது புதிதல்ல. டிவிஎஸ் மோட்டார் 2002இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியதற்குப் பின்னால், ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து தரம் பற்றிச் சொல்லிக்கொடுத்த ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பாடம் சப்ளையர் கூடங்கள் வரை இறங்கியதால்தான், இங்கே பத்து மெஷின் வைத்திருக்கிறவரும் பணியிட ஒழுங்குக்கான 5எஸ் பலகை மாட்டியிருக்கிறார். பிரிவதிலும் அதே ஒழுங்கு இருந்தது. 2001இல் சுசுகி பிரிந்தபோது, 30 மாதம் இந்திய இருசக்கர வாகனச் சந்தைக்குத் தனியாக வருவதில்லை என்று ஒப்புக்கொண்டே பிரிந்தது. டிவிஎஸ்ஸுக்கு அந்த அவகாசம் போதுமானதாக இருந்தது. அதே ஆண்டில் சொந்த வடிவமைப்பில் விக்டர் பைக் வந்தது.

கிருஷ்ணகிரி கிரானைட்டில் கதை வேறு. இத்தாலிக்காரரோடு எத்தனை மெயில் எழுதினாலும், வெரோனா கல் கண்காட்சியில் எத்தனை தடவை கைகுலுக்கினாலும், பேரம் முடிவது குவாரியில், கல்லின் மேல். பிளாக்கின் மேல் தண்ணீர் ஊற்றச் சொல்வார். ஊற்றிவிட்டு எல்லோரும் வெயிலில் நிற்போம். கல் காயும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் ஈரமாக நிற்கும். பிறகு டேப்பைப் பிடித்து, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் சில சென்டிமீட்டர் கழிக்கச் சொல்வார். அந்தக் கழிவில்தான் உண்மையான விலை இருக்கிறது. கன மீட்டருக்கு என்ன டாலர் என்று மட்டும் பேசியவர் இங்கே தோற்றுப்போவார். கடைசியில் அவரே பெயின்ட்டால் தன் குறியையும் எண்ணையும் போடுவார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. கத்தலும் கையாட்டலும் அதுவரைதான்.

மாங்கூழ் வாங்குகிற அரபு வியாபாரியிடம் பேரம் முடிவதே இல்லை, நமக்குப் பழக்கமான மாதிரியே. பெங்களூரா மாம்பழக் கூழ், 80 டிரம் கொண்ட கன்டெய்னராகச் சவூதிக்கும் ஏமனுக்கும் போகிறது. விலை பேசும்போதே அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துத்தான் பேசுவார்கள். பழம் குறைந்தால் நாம் கேட்போம், பழம் மலிந்தால் அவர்கள் கேட்பார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இளக்கம் கிடையாது. ரமலானுக்கு ஜூஸ் கடைக்கு வந்தாக வேண்டும். மாம்பழ சீசன் மே, ஜூன், ஜூலையை விட்டு நகராது; ரமலானோ ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்து, எவ்வளவு கூழை எத்தனை மாதம் கோடவுனில் வைத்திருப்பது, அந்தச் செலவு யாருடையது என்று கேட்டுக்கொள்வதுதான் அங்கே பேரம்.

இப்படி நாடு நாடாகச் சொல்லிக்கொண்டே போனால் ஜாதகம் மாதிரி ஆகிவிடும். ஹாஃப்ஸ்டட் என்ற டச்சு அறிஞர் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த சர்வேக்களை வைத்து, 1980இல் நாடுகளின் பண்பாட்டுக்கு மதிப்பெண் போட்டுப் புத்தகம் எழுதினார். மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் பாடம் அது. ஆனால் என் அனுபவத்தில், நாட்டைவிட ஒருவர் உட்காரும் நாற்காலி முக்கியமான நாட்களும் உண்டு. ஜெர்மன் பர்ச்சேஸ்காரருக்கும் ஜெர்மன் குவாலிட்டி இன்ஜினியருக்கும் உள்ள தூரம், அந்த இன்ஜினியருக்கும் நம் குவாலிட்டி ஆளுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். பின்னவர்கள் இருவரும் ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்த ஐந்து நிமிடத்தில் நண்பர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு நாற்காலி இருக்கிறது. ஓசூருக்கு வரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அத்திப்பள்ளி தாண்டி நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரின் சோர்ஸிங் ஆபீஸிலிருந்து ஒருவர் கூட வருவார். நாம் நமக்குள் தெலுங்கிலோ கன்னடத்திலோ முணுமுணுத்தால் அவருக்குப் புரியும், தமிழும் புரியும். சிலர் அவரை மொழிபெயர்க்க வந்தவர் என்று நினைத்து, வெளிநாட்டவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பார்கள். விமானம் ஏறிய பிறகு வெளிநாட்டவர் கேட்கப்போவது இவரைத்தான்: அவர்கள் சொன்னதில் எது நிஜம், எது மரியாதைக்குச் சொன்னது? அதற்கு இவர் சொல்லும் பதில்தான் பல ஆர்டர்களின் தலையெழுத்து.

புதிதாக ஏற்றுமதிக்கு இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். வருகிறவர் எந்த ஊர் என்பதோடு, எந்த நாற்காலி என்றும் கேளுங்கள். அவருக்குப் பேரம் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால், “இதற்குப் பிறகு யார் ஒப்புதல் தர வேண்டும், எப்போது?” என்று நேராகக் கேளுங்கள், எந்த நாட்டவரும் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. சர்வதேசச் சரக்கு விற்பனைக்கான 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஜெர்மனி, ஜப்பான், இத்தாலி மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே எந்த நாட்டுச் சட்டம், தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்பதை ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். கடைசியாக, பேச்சு முடிந்த அன்று இரவே, ஒப்புக்கொண்டது எது, ஒப்புக்கொள்ளாதது எது, பாக்கி எது என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டுத் தூங்குங்கள். எந்தப் பண்பாட்டுக்காரரும் மறுக்க முடியாத காகிதம் அது ஒன்றுதான்.