பின்வாங்கில் தூங்கும் பிள்ளை

கொஞ்சம் நீண்ட பதிவுதான். பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவராவது கடைசிவரை வாசியுங்கள்.

சென்ற தவணை எங்கள் வகுப்பில் ஒரு மகன் இருந்தான். ஒன்பது வயது. (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறோம்.) நேற்றுப் பாடமாக்கிய வாய்ப்பாடு இன்று மறந்துபோகும். பின்வாங்கில் தூங்கி விழுவான். ஆனால் காற்றுக்குக் கதவு படாரென்று அடித்தால் எல்லாருக்கும் முதல் திடுக்கிட்டு எழும்புவதும் அவன்தான். "கவனமில்லை, சோம்பேறி" என்று அப்பியாசக் கொப்பியில் எழுதினோம். எழுப்பி நிற்கவும் வைத்தோம்.

பிறகுதான் வீட்டுக்குப் போனோம். முதலிலேயே போயிருக்க வேண்டும். ஒற்றை அறை, தகரக் கூரை, நுண்கடன், தினமும் சண்டை. உம்மா மெல்லச் சொன்னா: "சேர், இவன் ராவில நித்திரை கொள்றதில்ல. வாப்பா வந்து சத்தமில்லாமப் படுக்கும்வரைக்கும் முழிச்சிக்கொண்டே கிடப்பான்."

அன்று எங்களுக்கு விளங்கியது. அவனுக்கு நிறையவே கவனம் இருந்தது. அது முழுவதையும் வீட்டு வாசல் எடுத்துக்கொண்டது.

பயம் வந்தால் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு கூடும். பயம் போனதும் குறைந்தால் பிரச்சினையில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே நீடித்தால், ஞாபகத்தைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும், கவனத்தையும் கோபத்தையும் கட்டுப்படுத்தும் முன்மூளையும் பாதிக்கப்படும். மூளை மிக வேகமாக வளர்வது முதல் ஐந்து வயதுக்குள். அந்த வயதில் பயத்தோடு பசியும் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தால் பாதிப்பு இன்னும் கூடும்.

இது வெளிநாட்டுக் கதை இல்லை. 2002ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில், வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கேள்வி கேட்டவர்கள் உளவளத்துணைப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். 92 சதவீதமான பிள்ளைகள் ஷெல், குண்டுவீச்சு, உறவினரின் மரணம் போன்ற பயங்கரங்களைக் கண்டிருந்தார்கள். நான்கில் ஒருவருக்கு மனவடு நோய் இருந்தது. அதிகம் பட்ட பிள்ளைகளுக்கு ஞாபகசக்தியும் பாடசாலைப் புள்ளிகளும் குறைந்திருந்தன.

எங்கள் கதையும் அதுதானே. 1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். சோனகத்தெருவை விட்டு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைகள், புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலிலும் உப்புத் தண்ணீரிலும் வளர்ந்தார்கள். பின்னேரப் பாடசாலையில், வெக்கையில், "அகதிப் பிள்ளை" என்ற பெயரோடு படித்தார்கள். எத்தனை பேரைப் "படிப்பு ஏறாது" என்று இடையில் நிறுத்தினோம்? உண்மையில் ஏறாமலா இருந்தது? அன்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இன்று வாப்பாமார், உம்மாமார். எங்களைப் போன்ற ஆசிரியர்களும்கூட.

அதற்காக, கஷ்டப்பட்ட பிள்ளை எல்லாம் கெட்டுப்போகும் என்று இல்லை. அந்தக் கொட்டில்களிலிருந்து படித்து முன்னேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மூத்தம்மா, ஒரு டீச்சர் என்று யாரோ ஒருவர் பெயரைச் சொல்வார்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிலையாக இருந்தாலே பிள்ளையின் பயம் அடங்கும், மூளை படிப்புக்குத் திரும்பும். இதை ஆய்வுகளும் சொல்கின்றன.

ஆகவே எங்கள் மஹல்லாவிடம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கடன் கதையையும் சண்டையையும் பிள்ளையின் காதுக்கு எட்டாமல் வையுங்கள். வெறும் தேத்தண்ணியோடு பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டில் சமைக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பார்சல் கட்டுங்கள். மத்ரஸாவிலும் டியூசனிலும் பாடசாலையிலும் பிரம்பைக் கீழே வைப்போம். பயந்த பிள்ளையை அடித்தால் அது இன்னும் பயப்படத்தான் படிக்கும். திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளையைப் "புத்தளத்தான்" என்று கூப்பிடுவதை நிறுத்துவோம். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை வைத்துப் பத்து வயதுப் பிள்ளைக்கு விலை போடாமல் இருப்போம்.

அந்த மகனை இப்போது காலையில் கொஞ்ச நேரம் மேசையில் தலை வைத்துப் படுக்க விடுகிறோம். வாப்பாவோடும் இருந்து கதைத்தோம். அவரும் 1990இல் ஐந்து வயதுப் பிள்ளை. கதைக்கக் கதைக்கக் கண் கலங்கிவிட்டார். போன கிழமை மகன் ஏழாம் வாய்ப்பாடு சொன்னான். பாதியில் தடுக்கியது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவனே திரும்பத் தொடங்கிக் கடைசிவரை சொல்லி முடித்தான்.

கொப்பியில் எழுதியதை வெட்டிவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். உங்கள் வீட்டிலும் ஒரு "சோம்பேறி" இருந்தால், இன்று இரவு அவன் எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறான் என்று ஒருமுறை பாருங்கள்.