முக்காலி, குடை, தெர்மாகோல் அட்டை

எங்க பிராஞ்சுல புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான். மதுரைக்காரன். டெல்லி வந்து எட்டு மாசம் ஆகுது. போன வாரம் லஞ்ச் டைம்ல டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு என் சீட்டுக்கு வந்தான். "சார், கேமரா வாங்கிட்டேன். இன்னும் முப்பதாயிரம் கையில இருக்கு. ஃப்ளாஷ், லைட், ஸ்டாண்டுன்னு என்னென்ன வாங்கலாம், சொல்லுங்க."

லோன் கேட்டு வர்றவங்ககிட்ட நாங்க முதல்ல கேக்கறது "எவ்வளவு வேணும்" இல்லை, "எதுக்கு வேணும்". அவன்கிட்டயும் அதையே கேட்டேன். முழிச்சான்.

அவனைச் சொல்லிக் குத்தமில்லை. நானும் அப்படி முழிச்சவன்தான். என் பீரோ மேல்தட்டைத் திறந்தா கேமரா சாமான்களா ஒரு வாராக்கடன் லிஸ்டே இருக்கு. இருபது வருஷமா கடன் கொடுக்கறவன், வாங்கறப்போ மட்டும் கணக்கை மறந்துட்டேன். அந்தக் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதி வெச்சுடறேன். ஊரை விட்டு வந்து வீக்எண்டுல கேமராவோட மல்லுக்கட்டற யாருக்காவது உதவும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில வேலை பார்த்தவர். 2016-ல தவறிட்டார். காரியத்துக்குப் படம் வேணும்னு தேடினா, அப்பா தனியா இருக்கற படம் ஒண்ணுகூட இல்லை. கடைசியில கிடைச்சது, பென்ஷன் பேப்பருக்காக அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கிட்ட ஜாயின்ட் போட்டோ. ஸ்டூடியோக்காரர் அதுல அப்பாவை மட்டும் வெட்டிப் பெருசு பண்ணிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். இன்னிக்கும் அந்தப் படத்துல அப்பா தோளுக்குப் பக்கத்துல அம்மா புடவையோட ஓரம் கொஞ்சம் தெரியும்.

அது பரவாயில்லை. எடுத்தப்போ ஃப்ளாஷை நேரா அடிச்சிருக்காங்க. அப்பாவோட மூக்குக் கண்ணாடியில ரெண்டு பக்கமும் வெள்ளையா ரெண்டு பொட்டு. கண்ணு தெரியாது. மீசை தெரியுது, நெத்தி தெரியுது, கண்ணு மட்டும் இல்லை.

அம்மாவும் கண்ணாடி போட்டவங்க. அவங்களையாவது ஒழுங்கா ஒரு படம் எடுத்துடணும்னு எனக்கு ஒரு வேகம். வாய்விட்டு யாருக்கும் சொல்லலை. சொல்ற விஷயமா அது? ஆனா வாங்கின சாமான் அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு படம்தான்.

டெல்லியில கேமரா சாமான்னா கூச்சா சௌத்ரி. சாந்தினி சௌக்ல இருக்கற ஒரு சந்து. ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. 2015 செப்டம்பர்ல இருந்து பேங்குக்கு ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவுங்கறதால எனக்கு வசதியாப் போச்சு. மயூர் விஹார்ல மெட்ரோ ஏறினா, பர்ஸ் காலியாகித்தான் வீடு திரும்புவேன் :-)

முதல்ல வாங்கினது மலிவு விலையில ஒரு ட்ரைபாட். நம்ம முக்காலிதான். கேமராவை மாட்டினதும் கழுத்து தொங்கிடுச்சு. நடுத்தண்டை முழுசா உயர்த்தினா காத்துல ஆடற கொடிக்கம்பம். ட்ரைபாட் வாங்கும்போது எவ்வளவு உயரம் போகும்னு பார்க்காதீங்க. நடுத்தண்டைத் தூக்காமலே எவ்வளவு உயரம், எத்தனை கிலோ தாங்கும்னு பாருங்க. உங்க கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப் போல ரெண்டு மடங்காவது தாங்கணும். தண்டுக்குக் கீழே கொக்கி இருந்தா கேமரா பையை அதுல மாட்டிடுங்க, அசையாம நிக்கும். பட்டனைக் கையால அழுத்தாம ரெண்டு செகண்ட் டைமர் வெச்சுக்கிட்டா கைபட்டு ஆடறதும் இல்லை.

அடுத்து போலரைசர் ஃபில்டர். கண்ணாடியில அடிக்கற பளபளப்பை இது எடுத்துடும்னு எங்கேயோ படிச்சுட்டு வாங்கினேன். தண்ணிப் பரப்பு, கடைக் கண்ணாடி இதையெல்லாம் சாய்வா நின்னு எடுக்கும்போது நல்லாவே எடுக்கும். ஆனா நேருக்கு நேரா திரும்பி வர்ற வெளிச்சத்தை அது ஒண்ணும் பண்ணாது. மேற்கொண்டு, உள்ளே வர்ற வெளிச்சத்துல பாதிக்கு மேல விழுங்கிடும். வாராக்கடன் நம்பர் ஒண்ணு.

அப்புறம் ஃப்ளாஷ். பெட்டி மேல கைடு நம்பர்னு ஒண்ணு போட்டிருப்பாங்க. அதை எஃப் எண்ணால வகுத்தா எத்தனை மீட்டர் வரைக்கும் வெளிச்சம் எட்டும்னு தெரியும். ஐஎஸ்ஓ 100-ல கைடு நம்பர் 36, எஃப் 4 வெச்சா 9 மீட்டர். ஆனா அந்த 36, ஃப்ளாஷ் தலையை முழுசா ஜூம் பண்ணின நிலையில அளந்ததா இருக்கலாம். லோன் விளம்பரத்துல நட்சத்திரக் குறி போட்ட வட்டி மாதிரி, சின்ன எழுத்தையும் படிச்சுடுங்க. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். இதையும் மனசுல வெச்சுக்கணும்.

ஃப்ளாஷோட தலை மேலேயும் பக்கவாட்டுலயும் திரும்பணும். அது முக்கியம். சீலிங்கைப் பார்த்து அடிச்சா வெளிச்சம் பரவி மெத்துனு விழும். சீலிங் வெள்ளையா இருக்கணும். எங்க வீட்டு ஹால் சுவர் பச்சை. அதுல அடிச்சு எடுத்ததுல தங்கமணி முகம் மஞ்சள்காமாலை வந்த மாதிரி ஆகி, ரெண்டு நாள் வீட்டுல பேச்சுவார்த்தை இல்லை. ஃபிலிம் காலத்துப் பழைய ஃப்ளாஷ் சும்மா கிடைக்குதேன்னு மாட்டிடாதீங்க. சிலதுல ட்ரிக்கர் வோல்டேஜ் 200-க்கு மேல இருக்கும், இன்னிக்கு கேமராவோட உள்பாகம் போயிடலாம். பென்சில் செல் போடறதா இருந்தா ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு வாங்குங்க. சாதா செல்லை விட ஃப்ளாஷ் சீக்கிரம் ரெடியாகும்.

கடைசியா ரெண்டு ஸ்டாண்டும் ரெண்டு வெள்ளைக் குடையும். வெளிச்சம் வர்ற இடம் எவ்வளவு பெருசா, எவ்வளவு கிட்டக்க இருக்கோ அவ்வளவு மென்மையா முகத்துல விழும். ஃப்ளாஷ் தலை உள்ளங்கை அளவு, குடை மூணு அடி. வித்தியாசம் அதான்.

2022 டிசம்பர்ல அம்மா வந்தாங்க. திருச்சியில இருந்து சென்னை வந்து, அங்கிருந்து ரெண்டு ராத்திரி ஒரு பகல் ரயில் பயணம். வந்த நாலாவது நாள் சாயங்காலம் ஹால்ல சோபாவை ஒதுக்கிட்டு, ரெண்டு ஸ்டாண்ட், ரெண்டு குடை, நடுவுல ட்ரைபாட்னு கடை விரிச்சேன். அம்மாவை நாற்காலியில உட்கார வெச்சேன். முதல் படத்தைப் பார்த்தா, கண்ணாடியில ரெண்டு வெள்ளைக் குடையும் விரிஞ்சு நிக்குது. அப்பாவுக்குப் பொட்டு, அம்மாவுக்குக் குடை. குடையைத் தள்ளினேன், உயர்த்தினேன். ஒரு குடை போனா இன்னொண்ணு வந்தது. இருபது படம் எடுத்திருப்பேன்.

அம்மா பொறுமையா உட்கார்ந்திருந்துட்டு, "இவ்வளவு சாமானும் எதுக்குடா?"ன்னாங்க.

"சும்மா பழகறதுக்கும்மா."

"பழகறதுக்கு உன் பொண்டாட்டிய எடு. மாட்டறதுக்குத்தானே என்னை எடுக்கறே?"

கிச்சன்ல பாத்திரச் சத்தம் நின்னுடுச்சு. நான் ட்ரைபாடோட திருகாணியைத் திருகிக்கிட்டே இருந்தேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அம்மாவே பேசினாங்க. "அப்ப ஒழுங்கா எடு. உங்கப்பாவுக்குப் பண்ண மாதிரி பண்ணிடாதே. காலையில விளக்கேத்திட்டு அவர்கிட்ட நாலு வார்த்தை பேசலாம்னா, எங்கே பார்க்கறாருன்னே தெரிய மாட்டேங்குது."

ஆறு வருஷமா அம்மா அந்தப் படத்தோட பேசறாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ராத்திரி தூக்கம் வரலை. யோசிச்சுப் பார்த்தா விஷயம் கேரம் போர்டுதான். ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்துல கட்டையில படுதோ அதே கோணத்துலதான் திரும்பும். வெளிச்சமும் அப்படித்தான். லைட் கேமரா பக்கத்துல இருந்தா கண்ணாடியில பட்டு நேரா கேமராவுக்கே வரும். பக்கவாட்டுல தள்ளி வெச்சு, முகத்தை அந்த வெளிச்சத்துல இருந்து கொஞ்சம் விலக்கித் திருப்பினா, தெறிக்கறது வேற திசையில போயிடும். இதுக்கு ரெண்டு குடை எதுக்கு? பக்கவாட்டுல ஒரே ஒரு பெரிய வெளிச்சம் போதும். எங்க வீட்டுப் பால்கனிப் பக்கம் ஆறடி ஜன்னல் சும்மா கிடக்கு.

மறுநாள் ஞாயிறு. வெளியே டெல்லிப் பனிமூட்டம். சூரியனுக்கு முன்னாடி பெரிய வெள்ளைத் துணி கட்டின மாதிரி. பதினொரு மணிக்கு அம்மா தானாவே அரக்குக் கலர் புடவை கட்டிக்கிட்டு வந்தாங்க. ஜன்னல் அவங்களுக்கு இடது பக்கம் வர்ற மாதிரி நாற்காலி போட்டேன். டியூப்லைட்டை அணைச்சேன். ரெண்டு நிற வெளிச்சம் கலந்தா முகத்துல திட்டுத்திட்டா தெரியும். வலது பக்கம் நிழல் அதிகமா இருந்தது. ஸ்டேஷனரிக் கடையில வாங்கின தெர்மாகோல் அட்டையைக் கொடுத்து என் பொண்ணை அங்கே நிறுத்தினேன். அது ஜன்னல் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கண்ணாடியோட காதுக் கம்பியை ஒரு நூல் மேலே தூக்கி வெச்சேன், கண்ணாடி லேசாக் கீழே சாயும். தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். 50 எம்எம் லென்ஸ், எஃப் 4, ஐஎஸ்ஓ 400, ட்ரைபாட்ல அறுபதில் ஒரு பங்கு செகண்ட்.

"அப்பாயி, சிரிங்க"ன்னா பொண்ணு.

"பல்லைக் காட்டமாட்டேன். வர்றவங்களை வாங்கன்னு கூப்பிடற மாதிரி இருந்தா போதும்"னாங்க அம்மா.

அப்படியே வந்தது. ரெண்டு கண்ணும் தெளிவா, ஓரத்துல ஜன்னலோட சின்ன வெளிச்சப் புள்ளியோட. ரெண்டு குடையும் மூலையில மடிஞ்சு கிடந்தது. அன்னிக்கு உழைச்சது முக்காலியும் தெர்மாகோலும்தான்.

அதனால மதுரைத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். முப்பதாயிரத்தையும் ஒரே நாள்ல செலவழிக்காதே. நல்ல ட்ரைபாட் ஒண்ணு, ஒரு உபரி பேட்டரி, தூசி ஊதற ரப்பர் பம்ப், தெர்மாகோல் அட்டை. இதோட நிறுத்து. மூணு மாசம் ஜன்னல் வெளிச்சத்துல எடு. எந்த இடத்துல ஜன்னல் பத்தலையோ, அப்போ தலை திரும்பற ஃப்ளாஷ் ஒண்ணும் ஒரே ஒரு குடையும் வாங்கு. தொடர் விளக்கு வேணும்னா சிஆர்ஐ 95-க்கு மேல இருக்கற எல்இடி பாரு, தோல் நிறம் கெடாது. மெமரி கார்டு வாங்கினா முழுசா ஒரு தடவை நிரப்பி, எல்லாம் சரியாத் திறக்குதான்னு பார்த்துடு, போலி நிறைய உலாவுது. பில் இல்லாம எதையும் வாங்காதே. மழைக்காலத்துல காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட லென்ஸை வை, இல்லேன்னா பூஞ்சை பிடிக்கும். விமானத்துல ஊருக்குப் போனா உபரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில வை, செக்-இன் லக்கேஜ்ல விடமாட்டாங்க.

"யாரை எடுக்கப் போறேன்னு முதல்ல முடிவு பண்ணு. அதுக்கு என்ன வேணுமோ அதை வாங்கு"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எங்க தாத்தாவை எடுக்கணும் சார்"னான்.

அம்மா பொங்கலுக்கு முன்னாடியே ஊருக்குத் திரும்பிட்டாங்க. போன நவம்பர்ல தங்கச்சி போன் பண்ணினா. நவம்பர்னா பென்ஷன்காரங்க லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்கற மாசம். இப்போ மொபைல்ல முகத்தைக் காட்டியே கொடுத்துடலாம். தங்கச்சி பையன் ரெண்டு தடவை முயற்சி பண்ணியும் அம்மா முகத்தை ஏத்துக்கலையாம். அம்மா எழுந்து, "தம்பி, அந்த டியூப்லைட்டை அணை. இப்படி ஜன்னல் பக்கம் வா. போனை ஆட்டாதே"ன்னு சொல்லி நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கிட்டாங்களாம். அடுத்த தடவையே ஓகே ஆயிடுச்சாம்.

"அம்மாச்சிக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேக்கறான்ணே"ன்னு சிரிச்சா.

அம்மா உயிரோட இருக்காங்கன்னு இன்னும் ஒரு வருஷத்துக்குச் சர்ட்டிபிகேட் ரெடி.

நான் எடுத்த படத்தைப் பெருசா பிரின்ட் போட்டு வெச்சிருக்கேன். சட்டம் போடலை. பீரோ மேல்தட்டுல, அந்த வாராக்கடன் சாமான்களுக்கு நடுவுல இருக்கு. அங்கேயே இருக்கட்டும்.