பியூலி வயலில் ஒரு மொறிஸ் மைனர்

ஊரின் பெயர் பிரெஞ்சுச் சொல். ‘அழகான இடம்’ என்று அர்த்தம். ஆனால் ஆங்கிலேயர் அதைப் ‘பியூலி’ என்றுதான் சொல்வார்கள். எழுத்துக் கூட்டி வாசித்து வழி கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. இங்கிலாந்தின் தெற்கே, ஹாம்ப்ஷயரில், நியூ ஃபொரெஸ்ட் காட்டுக்குள் இருக்கிறது. லண்டனிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கடைசி அரை மணித்தியாலம் மெதுவாகத்தான் போகலாம். அந்தக் காட்டுச் சிறு குதிரைகள் நடு ரோட்டில் நிற்கும், ஹோர்ன் அடித்தாலும் அசையாது. பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே பாதிச் சந்தோசம்.

அங்கே ஒரு பெரிய கார் அருங்காட்சியகம் உண்டு. மொண்டேகு பிரபு என்பவர், மோட்டார் காலத்தின் தொடக்கத்திலேயே கார் ஓட்டிய தன் தகப்பனின் நினைவாக, 1952 இல் ஒரு சில பழைய கார்களைத் தன் மாளிகைக்குள் வைத்துத் தொடங்கியது. 1967 இல் அவரே இன்னொன்றையும் தொடங்கினார்: பழைய கார் பாகங்களுக்கான சந்தை. ‘ஓட்டோஜம்பிள்’ என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ஒவ்வொரு செப்டெம்பரிலும் வயல் முழுக்கக் கடை விரிப்பார்கள். துருப்பிடித்த கார்பரேற்றர், ஒற்றை ஹெட்லைற், எண்ணெய் படிந்த கையேடு, எந்தக் காருடையது என்று விற்பவருக்கே தெரியாத கைபிடி. ஒரு பக்கத்தில் முழுக் கார்களும் விற்பனைக்கு நிற்கும்.

நாங்கள் மூன்று பேர் போனோம்: நான், ஒன்பது வயது மகள், அவளின் தாத்தா. அதாவது என் அப்பா. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அருங்காட்சியகத்தில் மணித்தியாலத்துக்கு 200 மைலைத் தாண்டிய முதல் கார் நிற்கிறது, 1927 இல் ஓடிய சன்பீம். அதைப் பார்த்து ‘ம்’ என்றார். அவ்வளவுதான். விற்பனை வயலுக்கு வந்த பிறகுதான் நடை வேகமானது.

விற்பனைக்கு நிற்கும் பழைய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒரு அட்டை இருக்கும். அதை வாசிக்கப் பழகினால் அந்த வயலே வேறு மாதிரித் தெரியும். எந்த ஆண்டு, எத்தனை மைல், எத்தனை பேரின் கை மாறியது. ‘மச்சிங் நம்பர்ஸ்’ என்று போட்டிருந்தால், தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சின்தான் இன்னும் இருக்கிறது, பதிவேட்டு எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒன்று என்று அர்த்தம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது பின்சீட்டில் கிடக்கும் கோப்பு. பழைய லொக் புக், வருசா வருசம் எடுத்த எம்.ஓ.ரி. சான்றிதழ்கள், கராஜ் பில்கள், டயர் வாங்கிய ரசீது. ஒரே மொடல், ஒரே ஆண்டு, ஒரே நிலையில் இரண்டு கார் நின்றால், கோப்புத் தடிப்பாக உள்ளதுக்குத்தான் விலை கூட. மென்பொருள் எழுதுகிற எனக்கு இது அந்நியமில்லை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு இல்லாத நிரலை நாங்களும் நம்பித் தொட மாட்டோம்.

அப்பா நின்றது ஒரு சாம்பல் நிற மொறிஸ் மைனருக்கு முன்னால்.

இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1906 இல் ஸ்மிர்னாவில் பிறந்தவர், இன்றைய துருக்கியின் இஸ்மிர். 1922 இல் போர் அவர்களின் ஊரைக் கலைத்தது. தகப்பன் வழியில் மால்டாவில் இறந்துபோனார். மகன் தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அந்த அகதிப் பையன் வரைந்த கார்தான் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்து, பத்து இலட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் ஆனது. பிறகு 1959 இல் வந்த மினியும் அவருடையதே.

மகளிடம் பொனற்றின் நடுவில் தடவிப் பார்க்கச் சொன்னேன். அங்கே மேலிருந்து கீழாக ஒரு தட்டையான பட்டை ஓடும். தயாரிப்புத் தொடங்கும் தறுவாயில், கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று இஸிகோனிஸுக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவால் வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் அகட்டினால் சரி என்று முடிவானது. பம்பர்கள் முதலே செய்தாயிற்று, அதனால் ஆரம்பக் கார்களில் பம்பரையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்தார்கள். பொனற்றில் அந்தப் பட்டை கடைசி வரைக்கும் இருந்தது.

அப்பா கேட்காமலே விற்பவர் பொனற்றைத் திறந்தார். நல்ல மனுசன். எதையும் மறைக்கவில்லை. எஞ்சின் மாற்றியது, தரைத் தகடு புதிது, முன் மட்கார்ட் இரண்டும் புதிது, சீற் உறை மூன்றாம் தடவை. எல்லாத்துக்கும் பில் காட்டினார். மகள் கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “எல்லாம் புதுசெண்டா, இது எப்படிப் பழைய கார்?”

இந்தக் கேள்வி இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ‘ஓல்ட் நம்பர் வன்’ என்று பெயர்பெற்ற ஒரு பென்ட்லி, 1929 இலும் 1930 இலும் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. பிறகு எஞ்சின் மாறியது. 1932 இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். காரைத் திரும்பக் கட்டி, புது உடல் போட்டார்கள். பல வருசம் கழித்து அதன் சொந்தக்காரர் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தபோது, வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கியது. லு மானில் ஓடிய பாகங்களில் மிஞ்சியிருப்பது சொற்பம், ஆகவே இது அந்தக் கார் இல்லை என்பது அவர்களின் வாதம். 1990 இல் நீதிபதி ஓட்டன் தீர்ப்புச் சொன்னார்: இது அதே கார்தான். காரணம் எளிமையானது. ஒரே நாளில் பழையதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்யவில்லை. ஒவ்வொன்றாக மாறி மாறி, இடையில் அறுபடாமல் வந்திருக்கிறது. அந்தத் தொடர்ச்சிக்குச் சான்று இருந்தது. அந்தப் பெயருக்கு உரிமை கேட்க வேறு கார் எதுவும் இல்லை.

இதை அவளுக்கு விளங்கும்படி சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அந்த ஃபைல் இல்லாட்டி?” என்றாள்.

அப்பாதான் பதில் சொன்னார். “அப்ப ஆராவது இருந்து கதை சொல்லோணும் பிள்ளை.”

அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, யாழ்ப்பாணத்தில் ஒரு மைனர் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அங்கே மைனரும் ஒஸ்ரின் ஏ40 உம் ஊருக்கு ஊர் ஓடியவை. அப்பா புல்லில் உட்கார்ந்தார். மகள் தன் பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். அரை மணித்தியாலம் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும்.

நம்பர் தகட்டில் ஆங்கில எழுத்து இரண்டு, பிறகு நாலு இலக்கம். மூன்றுதான் அவருக்கு ஞாபகம். ஏன் ஆங்கில எழுத்து என்று அவள் கேட்க, 1958 க்குப் போக வேண்டி வந்தது. அந்த ஆண்டிலிருந்து புதிதாகப் பதியும் வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தை அரசாங்கம் கொண்டுவந்தது. தமிழ்ப் பகுதிகளில் அதற்குப் பதிலாகத் தமிழ் ‘ஸ்ரீ’யைப் போட்டுக்கொண்டு ஓடி எதிர்ப்புக் காட்டினார்கள். அப்பப்பாவின் கார் அதற்கு முந்தியது, அதனால் தகடு தப்பியது. ஒரு காரின் நம்பர் தகட்டுக்குள் இவ்வளவு இருக்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

1990 க்குப் பிறகு பெற்றோல் இல்லை. கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் வெள்ளைப் புகை. பிள்ளைப்பேறு, ஆஸ்பத்திரி, செத்தவீடு எல்லாத்துக்கும் அந்தக் கார்தான். 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் சாவகச்சேரி வரை சாமான் ஏற்றிப் போனது. அங்கே ஒரு வளவில் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பிப் போனபோது கார் இல்லை. லொக் புக்கும் அதற்குள்ளேயே இருந்தது.

கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சட்டக எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், கார் எந்த நாள் செய்து முடிந்தது, என்ன நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். ஒக்ஸ்ஃபோர்ட் பக்கத்துக் கௌலியில் செய்து கொழும்புக்குக் கப்பலேறிய மைனர்களின் வரிகளும் அந்தப் பதிவேடுகளில்தான் இருக்க வேண்டும். எங்களிடம் அந்த எண் இல்லை. ஆகவே மகளின் கொப்பிதான் எங்கட கோப்பு.

அதில் இருப்பவை பெரிய தகவல்கள் இல்லை. நிறம் கறுப்பு, பிறகு பச்சை. இடது பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அப்பம்மா முன் சீற்றில் உட்கார மாட்டா. எஞ்சின் இரண்டு தடவை இறக்கி ஏற்றியது. மெக்கானிக்கின் பெயர், அவர் இப்போது இருக்கும் நாடு.

நீங்கள் போவதென்றால் காலையிலேயே போங்கள், நல்ல சாமான் மத்தியானத்துக்கு முன் போய்விடும். வயல் ஈரமாக இருக்கும், பூட்ஸ் தேவை. வாங்கும் எண்ணம் இருந்தால், பெயின்ற்றின் மினுக்கத்தைப் பார்க்க முதல் கோப்பைக் கேளுங்கள். மைனரில் குனிந்து தரைத் தகட்டையும் பின் ஸ்பிரிங் பூட்டிய இடத்தையும் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வரவேற்பறையில் பத்து வருசமாகச் சொல்லாததை அவர்கள் ஒரு பழைய காரின் பக்கத்தில் நின்று சொல்லக்கூடும். கொப்பியும் பேனையும் பிள்ளையிடம் இருக்கட்டும்.

நாங்கள் அந்தச் சாம்பல் மைனரை வாங்கவில்லை. விற்பவர் எங்கள் மூன்று பேரையும் அதற்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்துத் தந்தார். நாலாவது இலக்கம் ஏழா ஒன்பதா என்று அப்பா இன்னும் யோசிக்கிறார். கனடாவில் இருக்கும் மாமியிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.