விண்வெளியில் நான்கு பருவங்கள்

கட்சுஹிரோ ஒட்டோமோவின் புதிய படத்திற்காக எங்கள் வீட்டில் இருவர் காத்திருக்கிறோம்: நானும் என் மகனும். ‘ஆர்பிட்டல் எரா’ என்னும் அந்த ஜப்பானிய அசைவூட்டப் படம் 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் அறிவிக்கப்பட்டது. அப்போது அவன் ஆறாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ. அடுத்த ஆண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான். படம் இன்னும் திரைக்கு வரவில்லை.

ஒட்டோமோவுக்கு அவசரம் என்பது தெரியாது. 1988இல் ‘அகிரா’வைத் தந்தவர், 2004இல் வெளிவந்த ‘ஸ்டீம்பாய்’க்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் செலவிட்டார். குழாய்களையும் துருவையும் உடைந்த கண்ணாடியையும் அவ்வளவு பொறுமையாக வரைபவர் வேறொருவர் உண்டா என்பது எனக்கு ஐயமே.

இப்படத்தின் களம், இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு விண்வெளிக் குடியிருப்பு. அங்கு வளரும் சிறுவர்களின் வாழ்வு நான்கு பருவங்களினூடே சொல்லப்படுமாம். என்னை ஈர்த்தது இந்தப் பருவங்கள்தாம். பூமியில் வசந்தம் தானாக வருகிறது. அங்கோ யாரேனும் அதை வரவழைக்க வேண்டும். எந்த நாளில் குளிர் தொடங்குவது என்று ஓர் அலுவலகம் ஆணை பிறப்பிக்க வேண்டும்.

முன்னோட்டத்தைக் கண்ட அன்றே மகன் கேட்டான்: “வாப்பா, அங்கே மஃரிப் எப்ப வரும்?”

சிறுவனின் கேள்விதான், ஆனால் அறிஞர்கள் அமர்ந்து ஆராய்ந்த கேள்வியும்கூட. 2007 ரமளானில் மலேசியாவின் ஷேக் முஸ்ஸாபர் ஷுகோர் விண்வெளி நிலையம் சென்றார். அந்நிலையம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால், ஒரு நாளில் பதினாறு முறை கதிரவன் உதிக்கும். எனவே, புறப்பட்ட இடமான பைக்கனூரின் நேரப்படி ஐவேளைத் தொழுகையைக் கணக்கிடலாம் என்றும், நோன்பை ஊர் திரும்பியபின் நோற்கலாம் என்றும் மலேசிய அறிஞர்கள் வழிகாட்டினர். பயணிக்கு அது போதும். அங்கேயே பிறந்த பிள்ளைக்குப் புறப்பட்ட ஊர் எது, திரும்பும் ஊர் எது? அவன் எந்த வானத்தில் பிறை தேடுவான்? ஒட்டோமோ இதைப் பேசப்போவதில்லை. அது அவருடைய கவலையும் அன்று. ஆனால் சொந்த வானமில்லாத சிறுவன் நாள்களை எப்படி எண்ணுவான் என்பதை அவர் தூரிகை காட்டிவிடும் என்று நம்புகிறேன்.

நம்பிக்கையோடு ஓர் அச்சமும் உண்டு. ஒட்டோமோ எழுபதைத் தாண்டிவிட்டார். அவருடன் பணியாற்றிய சதோஷி கோன், ரோபோக்களை மட்டுமே பாத்திரங்களாகக் கொண்ட ‘ட்ரீமிங் மெஷின்’ படத்தைப் பாதியில் விட்டுவிட்டு, 2010 ஆகஸ்டில் 46 வயதில் புற்றுநோயால் மறைந்தார். அவர் இடத்தை நிரப்ப ஆளின்றி அந்தப் படம் அப்படியே நின்றுபோயிற்று.

“படம் வரும்போது நான் ஊர்ல இருப்பேனா?” என்று சென்ற வாரம் மகன் கேட்டான். இன்ஷா அல்லாஹ் என்றேன், வேறென்ன சொல்ல? விடுதிக்குக் கிளம்புமுன், ஒட்டோமோவின் மேற்பார்வையில் 1995இல் வந்த ‘மெமரீஸ்’ தொகுப்பின் முதற்பகுதியை இருவரும் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். திரைக்கதை கோன் எழுதியது. விண்வெளியில் பழைய இரும்பு அள்ளும் தொழிலாளர்களின் கதை.