இளநீரைத் தடுத்த பெண்

"டயாலிஸிஸ் டெக்னீஷியன் படிப்புல சேரப்போறேம்மா" என்று பிளஸ் டூ முடித்த கையோடு என் மகள் சொன்னபோது, அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. கரப்பான் பூச்சிக்கே அலறுகிறவள்! பொழுதெல்லாம் ரத்தத்தோடு நிற்கிற வேலையா? மஞ்சள் காமாலை தொற்றிக்கொண்டால்? இவரோ பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

இந்த ஆசை என் அண்ணனால் வந்தது. சர்க்கரை வியாதியில் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருந்தார். மெலிந்துபோனாரே என்று ஒருநாள் இளநீர் வாங்கிப்போனேன். டெக்னீஷியன் பெண் ஓடிவந்து தடுத்தாள். "இதில் பொட்டாசியம் அதிகம் அம்மா. கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாது, இதயமே நின்றுவிடலாம்" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற என் மகள் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருட டிப்ளமாவில் சேர்த்தோம். முதலில் மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசி, மூன்று தவணை. பிறகு நோயாளியை எடை பார்ப்பது, எத்தனை லிட்டர் நீர் இறக்குவது என்று கணக்கிடுவது. அவசரப்பட்டு இறக்கினால் ரத்த அழுத்தம் சரிந்து, கால் குரக்கு வலித்து அலறுவார்களாம். ஒரு தடவைக்கே நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டுமாம். (எங்கள் தெருவில் ஒரு குடத்துக்கே சண்டை!)

கையில் ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்துத் தைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். தொட்டால் கிர்ரென்று அதிரும். அதில்தான் இரண்டு ஊசிகள் குத்த வேண்டும். பயிற்சியின்போது ஒரு பாட்டியின் கையில் ஊசி குழாயைத் தாண்டிப் போய், கை வீங்கிக் கறுத்துவிட்டது. அன்றிரவு சாப்பிடாமல் அழுதாள். "விட்டுடேன்டி" என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. தயிர்சாதத்தைப் பிசைந்து பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பாட்டி உடனே மன்னித்துவிடவில்லை. "இந்தப் பொண்ணு வேணாம்" என்று மூன்று வாரம் கையை இழுத்துக்கொண்டாராம். நாலாவது வாரம் கை நீட்டினார்.

படிப்பு முடியுமுன்பே அண்ணன் போய்விட்டார். இப்போது மகள் காலை ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்புகிறாள். சம்பளம் பெரிதாக இல்லை. போன தீபாவளியன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு புறப்பட்டாள். "லீவு கிடையாதாடி?" என்றேன்.

"கிட்னிக்கு ஏதும்மா தீபாவளி?" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.