சுவத்துல ஈரமா? சண்டைக்கு முன்னாடி ஒரு பென்சில் எடுங்க

முருகன் துணை.

எப்பவும் பூஜை நேரம், அன்னதானம் பத்தித்தான் எழுதுவேன். இன்னிக்கு பாத்ரூம் ஈரம் பத்தி எழுதுறேன். நம்ம கோயில்ல பூ கட்டுற ரெண்டு பேர் இதனால ஆறு வாரம் பேசிக்கல. ஒருத்தர் என் அம்மா, இன்னொருத்தர் எங்க மேல்வீட்டு அக்கா. ரெண்டு பேரும் சம்மதிச்சதால எழுதுறேன்.

எங்களோடது பழைய வீவக வீடு. பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவோட அறை. அங்கே சுவத்துச் சாயம் கொப்புளிச்சு உரிய ஆரம்பிச்சது. தைப்பூசத்துக்குக் கட்டுற பட்டுப்புடவையில பூஞ்சை. "மேல இருந்துதான் இறங்குது"ன்னு அம்மா போய்ச் சொல்ல, "நாங்க போன வருஷம்தான் தரையே மாத்தினோம்"னு அக்கா சொல்ல, அத்தோட பேச்சு நின்னுபோச்சு.

கோயில்ல தொண்டு செய்யுற ஓர் அண்ணன், டைல்ஸ் வேலை பார்க்கிறவர். அவர் சொன்னபடி ஒவ்வொண்ணா பார்த்தோம்.

முதல்ல ஈரம் எங்கே இருக்குன்னு பார்த்தோம். கூரை காய்ஞ்சு கிடக்கு. சுவத்துல முழங்கால் உயரம் வரைக்கும்தான் ஈரம். மேல இருந்து இறங்கினா கூரையில கறை தெரியணும். இது தரையில இருந்து ஏறுது. செங்கல்லும் பூச்சும் விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி தண்ணியை மேல இழுக்கும்.

அடுத்து குழாய். எல்லாக் குழாயையும் மூடிட்டு, வாசலுக்கு வெளியே இருக்கிற தண்ணி மீட்டரை ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தோம். முள் அசையல. தண்ணி வர்ற குழாய்ல கசிவு தெரியல.

பிறகு ஈரத்தோட விளிம்பைப் பென்சிலால வரைஞ்சு தேதி போட்டோம். ரெண்டு வாரம் எல்லாரும் இன்னொரு பாத்ரூம்ல குளிச்சோம். ஆனா தினமும் ரெண்டு வாளி தண்ணியை இந்த பாத்ரூம் தரைச் சாக்கடைக்குள்ள மட்டும் ஊத்தினோம், தரை நனையாம. ஈரம் கோட்டுக்கு உள்ளே சுருங்கிச்சு. அப்போ சாக்கடைக் குழாய் நல்லாத்தான் இருக்கு. பழையபடி அங்கேயே குளிக்க ஆரம்பிச்சதும் ஒரே வாரத்துல ஈரம் கோட்டைத் தாண்டிச்சு.

மிச்சம் தரைதான். அண்ணன் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். வாசப்படி பக்கம் வெற்றுச் சத்தம். டைல்ஸ் இடைவெளியில பூசின சாந்து கரைஞ்சு போயிருந்துச்சு. நம்மில் பலர் டைல்ஸ் தண்ணியைத் தடுக்கும்னு நினைக்கிறோம். உண்மையில தடுக்கிறது அதுக்கு அடியில இருக்கிற நீர்காப்புப் பூச்சு. அது வயசாகி விட்டுப்போனா, குளிக்கிற தண்ணி டைல்ஸுக்கு அடியில ஓடி சுவருக்குள்ள போயிடும். சாயம் மேல சாயம் அடிச்சாலும் நிக்காது.

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அன்னிக்குச் சாயங்காலமே ஒரு டப்பா பாயசத்தோட மேல போனாங்க. அக்கா சிரிச்சுக்கிட்டே, "உங்க கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டாங்களாம். நியாயமான கேள்வி. கீழே போய்ப் பார்த்தோம், நல்லவேளை கறை இல்லை.

இது எல்லாருக்கும் பொருந்தும். வீவக வீட்டுல கூரை ஒழுகினா, மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் ரெண்டு பேருக்குமே பழுதுபார்க்கிற பொறுப்பு இருக்கு. சண்டை போட்டா வேலைதான் தள்ளிப்போகும்.

அனுமதி வாங்கி, தரையை உடைச்சு, புதுசா நீர்காப்பு போட்டோம். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி 24 மணி நேரம் தண்ணி கட்டிப் பார்க்கச் சொல்லுங்க, அதை மட்டும் விட்டுடாதீங்க. சுவர் நல்லா காய்ஞ்ச பிறகுதான் சாயம்.

உங்க வீட்டுலயும் இப்படி இருந்தா, சனிக்கிழமை மடப்பள்ளி வேலை முடிஞ்சதும் என்னைக் கேளுங்க. பென்சிலோட வர்றேன். 🙏